நெஞ்சு நீரில் ஓர் எண்

கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் மதுரைப் பேருந்து ஏறும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 58. ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை. பாதி ஆயுள் அதிலேயே போயிற்று. பீடிப் பழக்கம் உண்டு. இரண்டு மாதமாக இருமல். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது. போட்டிருக்கும் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்த எக்ஸ்ரேயில் இடது நெஞ்சின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. "நுரையீரல்ல நீர் கோத்திருக்குண்ணே, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பேருந்து டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாகப் போகும். திருமங்கலம் தாண்டினால் தோப்பூரில் அரசு நெஞ்சக மருத்துவமனை. காசநோய்க்குப் பேர்போன இடம். இன்னும் போனால் மதுரைக்குள் அரசு ராஜாஜி மருத்துவமனை. இவர் எங்கே இறங்க வேண்டும்? மேலே சொன்ன தொல்லைகளில் ஒன்றுகூட இதற்கு விடை தராது. இருமலும் காய்ச்சலும் மெலிவும் மூச்சிரைப்பும் காசநோய்க்கும் பொருந்தும், நுரையீரல் புற்றுக்கும் பொருந்தும்.

வீட்டார் வேறொன்று சொல்வார்கள்: மில்லுத் தூசிதான் காரணம் என்று. ராஜபாளையம் பக்கம் நெஞ்சில் எது வந்தாலும் பழி பஞ்சுமேல் விழும். பஞ்சுத் தூசியால் வரும் நோய் உண்மையிலேயே உண்டு. பிஸினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும், அடுத்தடுத்த நாட்களில் தளரும். அதுதான் அதன் அடையாளம். ஆனால் அது மூச்சுக்குழாயின் நோய். அது நீர் கோக்க வைப்பதில்லை.

நீர் கோப்பது நுரையீரலுக்கு உள்ளேயும் அல்ல. நுரையீரலைப் போர்த்தியபடி ஒரு மெல்லிய சவ்வு, விலா எலும்புக்கூட்டின் உட்புறத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததே புளூரா. இரண்டுக்கும் நடுவே சாதாரணமாக இருப்பது 10 முதல் 20 மில்லி நீர். மூச்சு இழுத்து விடும்போது சவ்வுகள் உரசாமல் வழுக்கிப் போக அது போதும். இந்த நீர் தேங்கி நிற்பதல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வந்து, வெளிச் சவ்விலுள்ள நுண்துளைகள் வழியாக நிணநீர்க் குழாய்களுக்கு வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகாலின் திறன் வழக்கமான வரத்தைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. ஆகவே வரத்து கொஞ்சம் கூடினாலும் நமக்குத் தெரியாது. ஒன்றரை லிட்டர் தேங்கிவிட்டதென்றால் வரத்து வெகுவாகக் கூடியிருக்க வேண்டும், அல்லது வடிகால் அடைபட்டிருக்க வேண்டும். புற்று இரண்டையும் செய்யும். சவ்வில் விதைபோல் தூவிக்கொண்டு அங்குள்ள நுண்குழாய்களைக் கசிய வைக்கும். நுண்துளைகளையும், அவை போய்ச் சேரும் நிணநீர்க் கணுக்களையும் அடைத்துவிடும்.

காசநோயின் வழி வேறு. சில கிருமிகள் மட்டும் புளூராவுக்குள் நுழைகின்றன. அவற்றைவிட, அவற்றுக்கு எதிராக உடல் நடத்தும் ஆர்ப்பாட்டம்தான் பெரிது. நீர் கோப்பது அந்த ஆர்ப்பாட்டத்தால். இதனால் ஒரு சங்கடம்: நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிருமி தென்படுவதில்லை. இந்தியாவில் இப்படி நீர் கோப்பதற்கு முதல் காரணம் காசநோய்தான். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இங்கே இருக்கிறார். இருந்தும் அதன் கிருமியை நெஞ்சு நீரில் கையும் களவுமாகப் பிடிப்பது அபூர்வம். இந்த இடைவெளியில்தான் இந்த அத்தியாயத்தின் முழுச் சிக்கலும் இருக்கிறது.

நீரை எடுப்பது பெரிய வித்தையல்ல. முதுகுப் பக்கம், ஸ்கேன் கருவியால் இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு விலாக்களுக்கு நடுவே குழாய் ஊசியை இறக்குவார்கள். வார்டில் இதற்கு 'டேப்பிங்' என்றே பெயர். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் இழுப்பதில்லை. சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள் நீர் ஊறிவிடும் அபாயம் உண்டு. "ஒரு தடவை தண்ணி எடுத்தா மறுபடி மறுபடி ஊறும்" என்று சிலர் பயப்படுவார்கள். ஊறுவது உண்மைதான். ஊற வைப்பது நோய், ஊசி அல்ல.

குப்பியில் வந்த நீரை வைத்து முதலில் கேட்கும் கேள்வி: இது வெறும் கசிவா, புண்பட்ட சவ்விலிருந்து வந்ததா? 1972-இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லைட்டும் அவருடைய கூட்டாளிகளும் 150 நோயாளிகளின் நீரைச் சோதித்து இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். நீரில் உள்ள புரதம் ரத்தத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தால், அல்லது எல்டிஹெச் என்ற நொதி ரத்தத்தில் உள்ளதில் 0.6 பங்கைத் தாண்டினால், அல்லது அந்த நொதி ரத்தத்துக்கு வகுத்த இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்தால், சவ்வு நோயுற்றிருக்கிறது. இல்லையென்றால் இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ தளர்ந்ததால் வந்த கசிவு. அரை நூற்றாண்டு கழித்தும் இந்த அளவுகோலை யாரும் தூக்கி எறியவில்லை.

காரணம் காசநோயா என்ற அடுத்த கேள்விக்கு விடை 1978-இல் இத்தாலியிலிருந்து வந்தது. காசநோய் நீரில் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதி, சுருக்கமாக ஏடிஏ, ஏறி நிற்கிறது என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். கிருமிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் அதிகம் வைத்திருக்கும் நொதி இது. கிருமி சிக்காவிட்டாலும் அது கிளப்பிய கலவரம் சிக்கிவிடுகிறது. லிட்டருக்கு 40 யூனிட் என்பது பரவலாக வைத்துக்கொண்ட கோடு. இளைஞர், நீரில் லிம்போசைட்டுகள் மிகுதி, ஏடிஏ 70 என்றால் நம் ஊரில் பெரும்பாலான மருத்துவர்கள் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அது சரியாகவும் இருக்கும். ஆனால் சீழ் கட்டிய நீரிலும், முடக்குவாத நோயிலும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும் ஏடிஏ ஏறும். நூற்றுக்கணக்கில் எகிறினால் காசநோயைவிடப் பின் சொன்னவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம் 58 வயதுக்காரருக்கு ஏடிஏ 18 என்று வைத்துக்கொள்வோம். நீர் லேசான ரத்தச் சிவப்பு. காசநோயின் வாய்ப்பு சரிந்துவிட்டது. இப்போது நோயியல் பிரிவில் நீரைச் சுழற்றி, அடியில் படியும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். புற்றுச் செல் தென்பட்டால் வழக்கு முடிந்தது. தென்படாவிட்டால்? புற்றால் நீர் கோத்தவர்களில் இந்தச் சோதனை பிடிப்பது சராசரியாக நூற்றுக்கு அறுபது பேரை. இரண்டாம் முறை நீர் அனுப்பினால் இன்னும் சிலர் சிக்குவார்கள். மூன்றாம் முறையால் அவ்வளவாகப் பயன் இல்லை. புற்று சவ்வில் ஒட்டிக்கொண்டு செல்களை உதிர்க்காமல் இருக்கலாம். வடிகாலை மட்டும் அடைத்துவிட்டு, நீருக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். போதாக்குறைக்கு, புளூராவின் சொந்தச் செல்களே அழற்சியில் உருமாறிப் புற்றுபோல் வேடம் காட்டும். அறிக்கையில் 'சந்தேகத்துக்குரிய செல்கள்' என்று ஒரு வரி வரும். வீட்டார் அதைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள்.

செல் வராத இடத்துக்கு அதன் புரதம் வரலாமே? ட்யூமர் மார்க்கர் என்ற யோசனை இங்கேதான் நெஞ்சு நீருக்குள் நுழைகிறது.

அந்த யோசனை பிறந்தது கனடாவின் மாண்ட்ரியால் நகரில். 1965-இல் ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் பெருங்குடல் புற்றுக்கென்றே தனியாக ஏதாவது புரதம் உண்டா என்று தேடினார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மனிதர்களின் திசுக்களை ஒப்பிட்டால், வித்தியாசம் நோயால் வந்ததா, ஆள் வேறாக இருப்பதால் வந்ததா என்று தெரியாது. அவர்கள் ஒரே ஆளின் குடலிலிருந்து புற்றுப் பகுதியையும் நல்ல பகுதியையும் எடுத்தார்கள். புற்றுச் சாற்றை முயலுக்குள் செலுத்தி, முயல் உண்டாக்கிய ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள்களிலிருந்து நல்ல திசுவோடு ஒட்டுகிறவற்றையெல்லாம் கழித்தார்கள். கழித்தபின் எஞ்சியவை புற்றுத் திசுவில் மட்டும் ஒரு புரதத்தைப் பிடித்தன. அதே புரதம் கருவிலுள்ள சிசுவின் குடலிலும் இருந்தது. பிறந்தபின் உடல் மூடிவைத்த கடையைப் புற்று மறுபடி திறந்திருக்கிறது. கார்சினோஎம்பிரியானிக் ஆன்டிஜென் என்று பெயரிட்டார்கள். பரிசோதனைச் சீட்டில் நாம் பார்க்கும் சிஇஏ இதுதான்.

ஒரு சொட்டு ரத்தத்தில் புற்றைக் கண்டுபிடிக்கும் காலம் வந்துவிட்டது என்று அப்போது பலர் நம்பினார்கள். நம்பிக்கை சில ஆண்டுகளில் தளர்ந்தது. புகைப்பவர்களின் ரத்தத்தில் சிஇஏ சற்று ஏறியிருந்தது. கல்லீரல் நோயிலும் குடல் அழற்சியிலும் ஏறியது. தொடக்க நிலைப் புற்று உள்ள பலரிடம் ஏறவே இல்லை. 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் ஒரே வார்ப்பில் ஆன்டிபாடிகளை வேண்டிய அளவு செய்யும் முறையைக் கண்டபின் புதுப்புது மார்க்கர்கள் வரிசை கட்டின. பாஸ்டனில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981-இல் சினைப்பைப் புற்றுக்காகத் தேர்ந்தெடுத்த ஆன்டிபாடியின் வரிசை எண் 125. சிஏ 125 என்ற பெயர் அதிலிருந்து வந்தது. மார்பகப் புற்றோடு தொடர்புடையது சிஏ 15-3. எபிதீலியச் செல்லின் உள்கூட்டுப் புரதம் உடைந்து வெளிவரும் துண்டு சைஃப்ரா 21-1. இவற்றுக்கும் சிஇஏவுக்கு நேர்ந்த கதிதான். புற்றுக்கு மட்டுமே சொந்தம் என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது.

ரத்தத்தில் தோற்ற மார்க்கர் நெஞ்சு நீரில் ஏன் பிழைக்கிறது? ரத்தம் உடல் முழுதும் ஓடுவது. எங்கோ ஒரு மூலையில் கசியும் புரதம் அதில் கரைந்து, கல்லீரலால் சலித்து எடுக்கப்பட்டுவிடும். புளூரா அறை சின்னது, அதன் வடிகாலும் அடைபட்டுக் கிடக்கிறது. சிஇஏ பெரிய மூலக்கூறு. ரத்தத்திலிருந்து சவ்வைத் தாண்டி உள்ளே வருவதும் கடினம். ஆகவே நீரில் சிஇஏ ரத்தத்தைவிடப் பல மடங்கு இருந்தால், அதைச் சுரக்கும் செல் அந்த அறையிலோ அதன் சுவரிலோ இருக்கிறது என்று ஊகிக்க நியாயம் உண்டு. ரத்தத்தையும் நீரையும் ஒரே நாளில் எடுத்து இரண்டின் விகிதத்தைப் பார்க்கச் சொல்லும் ஆய்வாளர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

2004-இல் ஸ்பெயினின் லெய்டா நகரிலிருந்து ஹோசே போர்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. அதன் நேர்மைதான் காரணம். 416 நோயாளிகளின் நெஞ்சு நீரில் நான்கு மார்க்கர்களை அளந்தார்கள். கோட்டை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த பதில் கறாரானது: புற்றில்லாத ஒருவரும் தாண்டாத உயரத்தில். சிஇஏவுக்கு 50, சிஏ 15-3க்கு 75, சைஃப்ராவுக்கு 175, சிஏ 125க்கு 2,800. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சிஇஏவின் இயல்பு உச்சம் 5 என்றும், சிஏ 125-இன் உச்சம் 35 என்றும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் சிஇஏவுக்குப் பத்து மடங்கு உயரம் போதுமாயிற்று. சிஏ 125-ஐ நம்ப எண்பது மடங்கு ஏற வேண்டியிருந்தது.

ஏன் என்றால் சிஏ 125-ஐப் புளூராவின் சாதாரணச் செல்களே சுரக்கின்றன. வயிற்றறை, இதயவுறை ஆகியவற்றின் சவ்வும் சுரக்கும். சவ்வு எரிச்சலுற்றால் போதும், காரணம் காசநோயா, இதயத் தளர்வா, கல்லீரல் நோயா என்று அது பார்ப்பதில்லை. ராஜபாளையம் நாய் போல: வந்தவர் திருடரா தபால்காரரா என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது, குரைத்துவிடும். இதனால் நேர்ந்த குழப்பங்கள் மருத்துவ இதழ்களில் ஏராளம். வயிற்றில் நீர், ரத்தத்தில் சிஏ 125 பல நூறு, சினைப்பைப் புற்றென்று முடிவுகட்டி வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே காசநோய். இந்தியாவிலிருந்து இப்படிப் பல நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆறு மாத மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

போர்செலின் கறாரான கோட்டுக்கு ஒரு விலை இருந்தது. நான்கு மார்க்கர்களையும் சேர்த்தாலும் புற்று நோயாளிகளில் 54 சதவீதம் பேர்தான் ஏதாவது ஒரு கோட்டைத் தாண்டினார்கள். மீதிப் பேரைப் பற்றி மார்க்கர் வாய் திறக்கவில்லை. ஆனால் செல் சோதனையில் தப்பிய புற்று நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த எண்களில் சிக்கினார்கள். நம் 58 வயதுக்காரரைப் போன்றவர்களுக்கு அந்த மூன்றில் ஒன்று சின்ன விஷயமல்ல.

இனிக் கொஞ்சம் கணக்கு. 2008-இல் 45 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், நெஞ்சு நீரின் சிஇஏ புற்றுள்ளவர்களில் 54 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, புற்றில்லாதவர்களில் 94 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வந்தது. இதைக் கையில் வைத்துக்கொண்டு இருவரைப் பார்ப்போம்.

ஒருவர் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழக விடுதி மாணவர். வயது 20, வலது நெஞ்சில் நீர். இந்த வயதில் காசநோய்தான் முதல் சந்தேகம். மழைக்காலமாக இருந்தால் டெங்குவும் உண்டு. டெங்குவில் கோக்கும் நீர் தானாகவே வற்றிவிடும். இப்படிப்பட்ட நூறு மாணவர்களில் இருவருக்குப் புற்று இருக்கும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சிஇஏ அந்த இருவரில் ஒருவரைப் பிடிக்கும். மீதி 98 பேரில் ஆறு சதவீதம், அதாவது ஆறு பேரை, வீணாகச் சுட்டிக்காட்டும். ஏறிய எண்ணோடு நிற்கும் ஏழு பேரில் ஒருவருக்குத்தான் புற்று.

மற்றவர் நம் நூற்பாலைக்காரர். வயது, பீடி, சிவந்த நீர், ஏடிஏ 18. இவரைப் போன்ற நூறு பேரில் அறுபது பேருக்குப் புற்று என்று வைத்துக்கொள்வோம். சிஇஏ அதில் 32 பேரைப் பிடிக்கும். புற்றில்லாத நாற்பதில் இரண்டு மூன்று பேர் தவறாக மாட்டுவார்கள். ஏறிய எண்ணோடு நிற்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புற்று உள்ளவர்கள். ஒரே கருவி, ஒரே குப்பி, சீட்டில் அச்சான எண்ணும் ஒன்றே. மாணவர் கையில் அது பெரும்பாலும் பொய். இவர் கையில் பெரும்பாலும் மெய்.

அதே நூறு பேரில் எண் ஏறாதவர்களைப் பாருங்கள். ஏறத்தாழ 65 பேர். அவர்களில் 28 பேருக்குப் புற்று இருக்கிறது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். "மார்க்கர் நார்மல், பயப்படாதீங்க" என்று இவர்களிடம் யாராவது சொன்னால் அது ஆறுதல் அல்ல, ஆபத்து. லிம்போமா சிஇஏவைச் சுரப்பதில்லை. புளூராவிலேயே பிறக்கும் மீசோதீலியோமாவும் அப்படித்தான். கல்நார் தூசியால் வரும் அந்தப் புற்றில் சிஇஏ தாழ்ந்தே இருக்கும். நாம் இன்னும் கல்நார் ஓட்டுக்குக் கீழே குடியிருக்கிற நாடு என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

எண் ஏறியிருந்தாலும் ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும். சீழ் கட்டிய நீரில் சிஇஏ பொய்யாக ஏறுவதுண்டு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மிகுதியா, சிஆர்பி என்ற அழற்சிப் புரதம் உயர்ந்திருக்கிறதா, ஏடிஏ கோட்டுக்கு மேலா என்று பார்த்து, அப்படியானால் மார்க்கரை ஒதுக்கி வைப்பது ஸ்பெயின் ஆய்வாளர்கள் சிலர் சொல்லும் வழி. காசநோய் மண்டிய நம் ஊருக்கு இது பொருந்தும். முதலில் ஏடிஏ, பிறகுதான் சிஇஏ. வரிசை மாறினால் கணக்கும் மாறிவிடும்.

ஆய்வகத்துக்குள்ளும் பள்ளங்கள் உண்டு. மார்க்கர் அளவீட்டில் இரண்டு ஆன்டிபாடிகள் வேலை செய்கின்றன. ஒன்று புரதத்தைப் பிடித்து நிறுத்தும். இரண்டாவது அதன் மறுபக்கம் ஒட்டி ஒளி விடும். ஒளியின் அளவே எண். புரதம் மிக மிக அதிகமானால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனிப் புரதங்களில் நிறைந்துபோய், இணை சேராமல், ஒளி குறைந்துவிடும். பல்லாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் சில பத்து என்று சீட்டு வரும். நீரை நீர்க்கவைத்து மறுபடி அளந்தால்தான் உண்மை தெரியும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் ரத்தத்துக்காகச் சரிபார்க்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவு தூரம் நீரைப் பற்றியே பேசினோம். நடைமுறையில் நோயாளிகள் கையில் நான் அதிகம் பார்ப்பது ரத்தச் சீட்டு. 'கேன்சர் பேக்கேஜ்' என்று நாலைந்து மார்க்கர்களை ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களும் வாங்குகிறார்கள். ஆரோக்கியமான ஆயிரம் பேரில் புற்று உள்ளவர்கள் ஓரிருவர் என்றால், மேலே மாணவருக்குப் போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஏறிய எண்ணோடு தூக்கம் கெட்டு ஸ்கேன் ஸ்கேனாக அலையும் பத்துப் பதினைந்து குடும்பங்களுக்கு ஒரு குடும்பத்துக்குக்கூடப் பயன் இருக்காது. இதைத் தடுக்க ஏதாவது விதி இருந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

சிங்கப்பூர் டான் டாக் செங் மருத்துவமனையிலிருந்து 2016-இல் வந்த ஒரு கட்டுரை வேறொரு குறுக்குவழியைக் காட்டியது. ரத்தத்தின் எல்டிஹெச்சை நீரின் ஏடிஏவால் வகுக்க வேண்டும். 20-க்கு மேல் வந்தால் புற்றைச் சந்தேகி. மேலே புற்றில் ஏறும் எண், கீழே காசநோயில் ஏறும் எண். புதிதாக ஒரு ரூபாயும் செலவில்லை, ஏற்கெனவே கையில் இருக்கும் இரண்டு எண்கள். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவர் 1972-இல் அளவுகோல் தந்த அதே ரிச்சர்ட் லைட். போட்டி இந்த இரண்டு நோய்களுக்கு இடையில் என்றிருக்கும் இடத்தில்தான் இது செல்லும். இதயத் தளர்வால் கோத்த நீரிலும் ஏடிஏ தாழ்ந்தே இருக்குமாதலால், லைட்டின் அளவுகோலைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நெஞ்சு நீர்ப் பரிசோதனையில் ட்யூமர் மார்க்கருக்கு வழக்கமான இடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அவர்கள் நிலையில் அது சரி. சந்தேகம் வந்தால் தோராகோஸ்கோப்பி செய்துவிடலாம். 1910-இல் ஸ்டாக்ஹோமின் யாக்கோபீயஸ், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயை நெஞ்சுக்குள் விட்டுத் தொடங்கிவைத்த முறை அது. விலா இடுக்கில் சிறு துளை, மரத்துப்போகும் ஊசி, உள்ளே ஒரு காமிரா. சவ்வில் உள்ள முடிச்சைக் கண்ணால் பார்த்துக் கிள்ளி எடுக்கலாம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடை கிடைத்துவிடும். விடை மூலையில் காத்திருக்கும்போது ஊகம் எதற்கு?

கிருஷ்ணன்கோவிலுக்கு அந்த மூலை மதுரையில் இருக்கிறது. அங்கே வரிசை உண்டு. உடன் வருகிறவருக்குக் கூலி போகும். காசநோய் மருந்தை இரண்டு மாதம் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிவிடுவது இரண்டு தரப்புக்கும் எளிது. நம் ஊரில் புற்று நோயாளிகள் பலர் அந்த வழியாகத்தான் தாமதமாக வந்து சேர்கிறார்கள். செல் சோதனை கைவிரித்து, ஏடிஏ தாழ்ந்து, நீரில் சிஇஏ 300 என்று ஒரு சீட்டு வந்தால், காத்திருக்க நேரமில்லை என்று மருத்துவர் தொலைபேசியை எடுக்கலாம். காமிராவைத் தாங்க முடியாத அளவு தளர்ந்த முதியவருக்கு, இதற்குமேல் நோண்ட வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அந்த எண் கைகொடுக்கலாம். மார்க்கரை நான் மதிப்பது இந்த அளவுக்குத்தான்: வரிசையில் யாரை முன்னால் அனுப்புவது என்று அது சொல்லும். நோய்க்குப் பெயர் சூட்டும் அதிகாரம் அதற்கு இல்லை.

பெயர் மட்டும் தெரிந்தாலும் இப்போதெல்லாம் போதாது. இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் கொண்டவர்கள். அவர்களுக்கு அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. யாருக்கு என்று எந்த மார்க்கர் எண்ணும் சொல்லாது. அதற்குத் திசு வேண்டும், அல்லது நீரில் படிந்த செல்களைக் கட்டியாக்கி மெழுகில் பதித்த 'செல் பிளாக்' வேண்டும். ஆகவே டேப்பிங்கின்போது ஐந்து மில்லியோடு நிறுத்தாமல், ஐம்பது மில்லிக்குக் குறையாமல் நோயியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பது நோயாளியின் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். செல்களைச் சுழற்றி அடியில் படியவைத்தபின் மேலே நிற்கும் தெளிநீரைப் பல ஆய்வகங்களில் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். செத்த புற்றுச் செல்கள் சிந்திய டிஎன்ஏ அந்தத் தெளிநீரில் மிதக்கிறது. தகட்டில் ஒரு செல்கூடத் தென்படாத சிலரிடமும் ஈஜிஎஃப்ஆர் மாற்றத்தை அதிலிருந்தே படித்திருக்கிறார்கள்.